நார் எது, நரம்பு எது: தோட்டத்திலும் சமையலறையிலும் திசுக்களைப் படிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

மணிக்கட்டில் நீலமாகத் தெரிவதை நரம்பு என்கிறோம். வெற்றிலையின் முதுகில் ஓடுவதும் நரம்பு. கெண்டைக்கால் பிடித்துக்கொண்டால் நரம்பு சுருட்டிக்கொண்டது என்கிறோம். கறியில் பல்லுக்கு அகப்படாமல் வழுக்குவதும் நரம்பு. உயிரியல் புத்தகத்தைத் திறந்து பார்த்தால் இந்த நான்கில் ஒன்றுகூட நரம்பு இல்லை. முதலாவது சிரை. இரண்டாவது தண்ணீர் ஏற்றும் சைலமும் உணவு கடத்தும் புளோயமும் சேர்ந்த வாஸ்குலார் கற்றை. மூன்றாவது தசை. நான்காவது தசைநாண்.

கோபிசெட்டிபாளையம் பக்கத்தில் பல ஆண்டுகள் பள்ளிப் பிள்ளைகளுக்கு உயிரியல் நடத்தியவன் நான். திசுப் பாடத்தில் மதிப்பெண் போவதற்குக் காரணம் மறதி என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். என் அனுபவத்தில் பெரும்பாலும் அது பேச்சு வழக்கால் வரும் குழப்பம். நார், நரம்பு, தோல், சதை என்று நான்கைந்து சொற்களை வைத்துக்கொண்டு இருபது வகைத் திசுக்களைச் சமாளிக்கிறோம். பொருளைக் கையில் எடுத்து, அறுத்து, இழுத்து, மென்று பார்த்த பிள்ளைக்கு இந்தக் குழப்பம் வருவதில்லை. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்கும் பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைக்கும் இந்த வழிகாட்டி போதும். ஒரு வாரம் மாலை நேரத்தை ஒதுக்கினால் முடித்துவிடலாம்.

தொடங்கும் முன்: நூல், நெசவு, சட்டை

திசு என்பது நாம் ஆங்கிலத்திலிருந்து எடுத்துக்கொண்ட சொல். அதற்கு மூலம் ‘நெய்த துணி’ என்னும் பொருளுடைய பிரெஞ்சுச் சொல். பவானி ஜமுக்காளத்தையும் சென்னிமலைப் போர்வையையும் திருப்பூர் பனியனையும் பார்த்து வளர்ந்த பிள்ளைக்கு இதைவிட நல்ல நுழைவாயில் கிடைக்காது. மூன்றும் பருத்திதான். நூலின் பருமனும் பின்னலும் மாறியதால் ஒன்று தரையில் விரிக்க, ஒன்று போர்த்த, ஒன்று உடம்போடு ஒட்டிப் போட என்று ஆகிவிட்டது. செல் நூல், திசு நெசவு, உறுப்பு தைத்த சட்டை. ஒரே தோற்றமுள்ள செல்கள் சேர்ந்து ஒரே வேலையைச் செய்தால் அது திசு என்ற வரையறையை இப்படி நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு சட்டையில் பல துணிகள் இருக்கலாம். அதுபோல ஓர் உறுப்பில் பல திசுக்கள் இருக்கும்.

உடலைத் திசுக்களாகப் பிரித்துப் பார்க்கும் வழக்கத்தை நிலைநாட்டியவர் பிரான்சு நாட்டு மருத்துவர் ஸேவியர் பிஷா. 1800ஐ ஒட்டிய ஆண்டுகளில் மனித உடலில் 21 வகைத் திசுக்களை அவர் பிரித்துக் காட்டினார். நுண்ணோக்கியை அவர் நம்பவில்லை. வேகவைத்தார், உலர்த்தினார், அழுகவிட்டார், அமிலத்தில் ஊறவைத்தார், எது எப்படி மாறுகிறது என்று பார்த்தார். 1802இல் 30 வயதில் இறந்துபோனார். நாம் செய்யப்போவதும் ஏறக்குறைய அவர் செய்ததுதான். நம்முடைய ஆய்வுக்கூடத்தில் அடுப்பும் அரிவாள்மணையும் இருக்கும்.

தேவையான பொருள்கள்: புதிய பிளேடு ஒன்று, மருந்துக்கடையில் கிடைக்கும் அயோடின் கரைசல், சிவப்பு மை, வினிகர், ஒரு கைலென்ஸ். பள்ளியில் நுண்ணோக்கி இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் மனு பிரகாஷ் என்ற இந்திய விஞ்ஞானி ஸ்டான்ஃபோர்டில் உருவாக்கிய, காகிதத்தை மடித்துச் செய்யும் ஃபோல்ட்ஸ்கோப் போதும். அதுவும் இல்லையென்றாலும் இந்தப் பாடத்தில் பாதிக்குமேல் வெறும் கண்ணால் முடிந்துவிடும். பிளேடைச் சிறு பிள்ளைகள் கையில் தனியாகக் கொடுக்காதீர்கள். பச்சைக் கறியைத் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவியபிறகே நோட்டைத் தொடவேண்டும்.

முதல் நாள்: வெங்காயம்

சின்ன வெங்காயத்தைவிடப் பெரிய வெங்காயத்தில் உரிப்பது எளிது. நான்காக வெட்டி, ஓர் இதழைப் பிரித்து, அதன் குழிந்த உள்பக்கத்தில் நகத்தால் கீறினால் கண்ணாடித்தாள் போன்ற சவ்வு வரும். அது ஒரே ஒரு செல் தடிமனுள்ள புறத்தோல். தண்ணீர்ச் சொட்டில் விரித்து ஒரு சொட்டு அயோடின் விடுங்கள். செங்கல் அடுக்கியதுபோல் செல்கள், ஒவ்வொன்றிலும் மஞ்சள் கலந்த பழுப்பு நிறத்தில் ஒரு புள்ளி தெரியும். அந்தப் புள்ளிதான் உட்கரு.

இங்கே ஒரு கேள்வியைக் கேட்டுக்கொள்ளுங்கள். அயோடின் பட்டால் மாவுச்சத்து நீலக்கறுப்பாக மாறவேண்டுமே, வெங்காயம் ஏன் மாறவில்லை? வெங்காயம் உணவை மாவுச்சத்தாகச் சேமிப்பதில்லை, அது வேறு வகைச் சர்க்கரைச் சேர்மங்களாகச் சேமிக்கிறது. பக்கத்திலேயே ஓர் உருளைக்கிழங்குத் துண்டில் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள், மை கொட்டியதுபோல் ஆகும். உருளைக்கிழங்கின் சதை மாவு மூட்டைகளை அடுக்கிவைத்த பாரன்கைமா, அதாவது மெல்லிய சுவருள்ள செல்களாலான நிரப்புத் திசு. பாரன்கைமா என்ற பெயர் இன்று உங்கள் கண்ணில் பட்டால் போதும், மூன்றாம் நாள் அதைச் சரியாகச் சந்திக்கலாம்.

இரண்டாம் நாள்: வளரும் இடம் எது

மனிதக் குழந்தை உடம்பு முழுவதும் வளர்கிறது. மரம் அப்படி வளர்வதில்லை. அதற்கு வளர்வதற்கென்று சில இடங்கள் உண்டு. அந்த இடங்களில் இருப்பதுதான் ஆக்குத்திசு: சுவர் மெல்லியது, உட்கரு பெரியது, ஓயாமல் பிரியும் செல்கள். மற்றவை எல்லாம் பிரிவதை நிறுத்திவிட்டு ஒரு வேலையில் அமர்ந்துவிட்ட நிலைத்த திசுக்கள்.

பொள்ளாச்சிப் பக்கம் தென்னந்தோப்பில் ஒரு நடை நடந்தால் இதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை. விரிந்த மட்டைகளில் கத்தரித்ததுபோல் ‘வி’ வடிவ வெட்டுகள் தெரிந்தால், காண்டாமிருக வண்டு குருத்தைத் துளைத்திருக்கிறது என்று பொருள். மட்டை சேதமானால் மரம் பிழைத்துக்கொள்ளும். குருத்தின் அடியில் இருக்கும் நுனி ஆக்குத்திசு அழிந்தால் மரம் போய்விடும், ஏனென்றால் தென்னைக்கு வளர்நுனி ஒன்றே ஒன்றுதான். வேம்பின் உச்சியை வெட்டினால் பக்கத்து மொட்டுகள் பத்துக் கிளையாக வரும், தென்னையில் அது நடக்காது.

அடுத்து, மாடு கடித்த புல். காங்கயம் பக்கத்துக் கொரங்காட்டில் கொழுக்கட்டைப்புல்லை மாடு மேய்ந்துவிட்டுப் போகிறது. நுனி முழுவதும் போய்விட்டது. மழை பெய்ததும் அதே இலை நீள்கிறது. காரணம் இலையடியிலும் கணுவுக்கு மேலேயும் இருக்கும் இடை ஆக்குத்திசு. காற்றில் சாய்ந்த சோளத்தட்டு கணுவில் வளைந்து தலை தூக்குவதும் கணுவை ஒட்டி வளரும் இந்தத் திறனால்தான்.

மூன்றாவது பக்க ஆக்குத்திசு. தண்டைப் பருமனாக்கும் கேம்பியம் இதில் அடங்கும். மா ஒட்டுக் கட்டுபவர் இரண்டு தண்டுகளிலும் பட்டைக்கு அடியிலுள்ள பச்சை விளிம்பு ஒன்றோடொன்று ஒட்டும்படி வைத்து இறுக்கிக் கட்டுகிறாரே, அவர் சேர்த்துவைப்பது இரண்டு கேம்பியங்களை. தென்னைக்குக் கேம்பியம் கிடையாது. மரமேற வசதியாகத் தாத்தா காலத்தில் அரிவாளால் வெட்டிய படிகள் இன்றும் அப்படியே இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். புளியமரத்தில் வெட்டிய காயமானால் சுற்றிலும் உதடுபோல் வளர்ந்து மூடியிருக்கும்.

நிலைத்த திசு என்ற பெயரை மட்டும் முழுவதும் நம்பவேண்டாம். கிளுவைக் குச்சியை வெட்டி வேலி ஓரம் நட்டால் வேர்விட்டு மரமாகிறது. வேலையில் அமர்ந்துவிட்ட பாரன்கைமா செல்கள் மீண்டும் பிரியத் தொடங்கியதால்தான் அந்த வேர் வந்தது.

மூன்றாம் நாள்: மட்டைக் கம்பெனியும் வாழைத்தண்டும்

எளிய திசுக்கள் மூன்று: பாரன்கைமா, கோலன்கைமா, ஸ்கிளிரன்கைமா. என் பிள்ளைகள் இந்தப் பெயர்களைக் கேட்டாலே முகம் சுளிப்பார்கள். அவர்களில் பாதிப்பேருக்குத் தினமும் பள்ளிக்கு வரும் வழியில் மட்டைக் கம்பெனி உண்டு என்பதுதான் வேடிக்கை.

தேங்காய் மட்டையை இயந்திரத்தில் விட்டு அடிக்கும்போது இரண்டு பொருள்கள் பிரிகின்றன. ஒன்று கயிறு திரிக்கும் நார். மற்றொன்று காலில் மிதித்தால் அமுங்கும் பழுப்புத் தூள், அதாவது நார்க்கழிவு. நார் என்பது ஸ்கிளிரன்கைமா: நீண்ட செல்கள், தடித்த சுவர், சுவரில் அதை இறுக்கும் லிக்னின் என்ற பொருள், வளர்ந்து முடித்ததும் செல் இறந்துவிடும், சுவர் மட்டும் வேலை செய்யும். தூள் என்பது அந்த நார்களுக்கிடையே நிரம்பியிருந்த பாரன்கைமா வகைத் திசு. அது தன் எடையைப்போல் பல மடங்கு தண்ணீரைப் பிடித்துவைக்கிறது. நாற்றங்காலுக்கும் வீட்டுத் தோட்டத்துக்கும் அதைக் கட்டியாக அழுத்தி விற்பது இதனால்தான். இரண்டு திசுக்களை இவ்வளவு சுத்தமாகப் பிரித்துக்காட்டும் செய்முறை எந்தக் கல்லூரி ஆய்வுக்கூடத்திலும் கிடையாது.

அதே தேங்காயின் தொட்டியும், அதாவது சிரட்டையும், ஸ்கிளிரன்கைமாதான். இங்கே செல்கள் நீளமாக இல்லாமல் கல் அடுக்கியதுபோல் இருப்பதால் கல்செல்கள் என்கிறோம். கொய்யாப்பழத்தைக் கடிக்கும்போது விதை தவிரவும் பல்லில் மணல்போல் நெறுநெறுவென்று படுவது கல்செல் கூட்டங்களே.

கோலன்கைமாவுக்குக் கொத்தமல்லித் தண்டு போதும். தண்டின் மேல் வரிவரியாகத் தெரியும் விளிம்பை நகத்தால் உரித்து இழுத்துப் பாருங்கள். வளையும், நீளும், சட்டென்று முறியாது. செல்லின் மூலைகளில் மட்டும் சுவர் தடித்த, உயிருள்ள திசு அது. வளர்ந்துகொண்டிருக்கும் இளந்தண்டைத் தாங்கவேண்டும், அதேசமயம் வளர்ச்சியைத் தடுக்கக்கூடாது என்றால் இப்படியொரு திசுதான் வேண்டும். லிக்னின் ஏறிய நாரால் அது முடியாது.

இப்போது வாழைத்தண்டு. கொஞ்சம் நிதானமாகச் செய்யவேண்டிய படி இது. கறிக்கு வாங்கும் வெள்ளைத் தண்டை வட்டமாக ஒன்று அரிந்து, அரிந்த துண்டை மெதுவாக விலக்குங்கள். இரண்டு துண்டுகளுக்கும் நடுவே சிலந்தி நூல்போல் இழைகள் நீளும். அம்மா விரலில் சுற்றிச் சுற்றி எடுத்துப் போடுவாரே, அந்த இழைதான். இதை ‘வாழைநார்’ என்று எழுதினால் தவறு. பூக்கட்டும் வாழைநார் வெளிமட்டையிலிருந்து வருவது, அது ஸ்கிளிரன்கைமா. தண்டில் நீளும் இழையோ சைலக் குழாயின் உட்சுவரில் சுருள்கம்பிபோல் படிந்திருந்த தடிப்பு. குழாய் அறுந்ததும் சுருள் பிரிந்து நீள்கிறது. கைலென்ஸில், வெளிச்சத்துக்கு எதிராகப் பிடித்துப் பாருங்கள். இழை அறுந்து விழும்போது சற்றே சுருண்டுகொள்ளும். தண்ணீரை மேலே இழுக்கும்போது குழாய் உள்வாங்கி நசுங்கிவிடாமல் காப்பது இந்தச் சுருள்.

வெளிமட்டையைக் குறுக்கே வெட்டினால் தேன்கூடுபோல் காற்றறைகள் தெரியும். காற்று நிரம்பிய பாரன்கைமா அது. நொய்யல் குளங்களில் ஆகாயத்தாமரையை மிதக்கவைப்பதும் இதே வகைத் திசு.

பருத்தியை நார் என்ற கணக்கில் சேர்ப்பது தேர்வுத்தாளில் அடிக்கடி நான் பார்க்கும் பிழை. சணல், சணப்பு, கயிறு இவையெல்லாம் ஸ்கிளிரன்கைமா நார்கள்தான். பருத்தி இழை அப்படியல்ல, விதையின் புறத்தோல் செல் ஒன்று முடிபோல் வெளியே நீண்டது. ஓர் இழை ஒரே செல். கோயம்புத்தூரில் உருவாகி இந்த நாட்டு ஆலைகளுக்கு நெடுநாள் சோறு போட்ட எம்.சி.யு. 5 போன்ற நீண்ட இழை ரகங்களில் அந்த ஒற்றைச் செல் ஏறத்தாழ 3 செ.மீ. நீளம் இருக்கும். லிக்னின் இல்லை, ஏறக்குறைய முழுவதும் செல்லுலோஸ். பனியன் மெத்தென்று இருப்பதும் சாக்கு உறுத்துவதும் இந்த வேறுபாட்டால்தான்.

நான்காம் நாள்: குழாய்கள்

சத்தியமங்கலம் பக்கத்துச் சம்பங்கிக் காம்பு ஒன்றைத் தண்ணீருக்குள் வைத்தபடியே அடியில் அரிந்து, சிவப்பு மை கலந்த தண்ணீரில் நிறுத்துங்கள். காலையில் வெள்ளைப் பூவில் சிவப்புக் கோடுகள் ஏறியிருக்கும். காம்பைக் குறுக்கே அரிந்தால் சிவப்புப் புள்ளிகள் சிதறிக்கிடக்கும். அவை சைலம். டிரக்கீடு, சைலக் குழாய், சைலம் நார், சைலம் பாரன்கைமா என்று நான்கு கூறுகள் சேர்ந்த கூட்டுத்திசு. நான்கில் உயிருள்ளது பாரன்கைமா மட்டும். தண்ணீர் ஏறுவதற்கு உயிருள்ள குழாய் தேவையில்லை.

புள்ளிகள் சிதறியிருந்தால் ஒருவித்திலை, வளையமாக இருந்தால் இருவித்திலை என்பது பாடம். வளையம் பார்க்க ஆமணக்கு அல்லது சூரியகாந்தியின் இளந்தண்டை எடுங்கள். தண்டுக்கீரையை எடுத்துவிடாதீர்கள். வேலைக்குச் சேர்ந்த புதிதில் கையில் கிடைத்ததே என்று தண்டுக்கீரையை அரிந்து, வளையம் பாருங்கள் என்று வகுப்பில் பெருமையாக நீட்டினேன். முன்வரிசைப் பெண் ஒருத்தி, “நடுவிலும் புள்ளிகள் இருக்கின்றனவே சார்” என்றாள். கீரைக் குடும்பம் விதிவிலக்கு, அதன் தண்டின் நடுவிலும் கற்றைகள் உண்டு. அன்று எனக்கு அது தெரியாது. மறுநாள் படித்துவிட்டு வந்து ஒப்புக்கொண்டேன்.

புளோயம் உணவு ஏற்றிச்செல்லும் திசு. சல்லடைக் குழாய், துணைச் செல், புளோயம் பாரன்கைமா, புளோயம் நார் என்று இதிலும் நான்கு. சல்லடைக் குழாய்ச் செல்லுக்கு உயிர் உண்டு, உட்கரு இல்லை. பக்கத்திலிருக்கும் துணைச் செல்தான் அதற்கும் சேர்த்துக் குடும்பம் நடத்துகிறது. தென்னைக்குக் கேம்பியம் இல்லை என்று பார்த்தோம். ஆகையால் பழைய குழாய்களுக்குப் பதிலாகப் புதியவை வராது. ஐம்பது வயது மரத்தின் அடிப்பகுதியில் இன்று சர்க்கரையை இறக்கிக்கொண்டிருப்பது, அந்த மரம் இளமையில் உண்டாக்கிய அதே சல்லடைக் குழாய்கள். பாளையைச் சீவினால் சொட்டும் நீராவும் பதநீரும் புளோயச் சாறு. அவரைக் கொடியில் அசுவினி உட்கார்ந்தால் இலை பிசுபிசுக்கிறதே, அது அந்தப் பூச்சி புளோயத்தில் ஊசியைச் செருகிக் குடித்து, மிஞ்சிய சர்க்கரையை வெளியே விடுவதால்.

பட்டையை வளையமாக உரிக்கும் சோதனையை 17ஆம் நூற்றாண்டிலேயே இத்தாலியரான மால்பிகி செய்திருக்கிறார். வளையத்துக்கு மேலே பட்டை வீங்கியது. உணவு கீழிறங்க வழியில்லாமல் அங்கே தேங்கிவிட்டது. இதை நம் ஊரில் மாதுளைப் பதியன் போடுபவர் தொழிலாகவே செய்கிறார். கிளையில் ஒரு விரல் அகலம் பட்டையை எடுத்து, ஈரமான நார்க்கழிவை வைத்துப் பிளாஸ்டிக் தாளால் கட்டுகிறார். வளையத்தின் மேல் விளிம்பில் வேர் வருகிறது. சைலம் உள்ளே பத்திரமாக இருப்பதால் கிளை வாடுவதில்லை. நீங்களும் ஒரு கிளையில் செய்து பாருங்கள். அடிமரத்தில் மட்டும் செய்துவிடாதீர்கள். வேருக்கு உணவு போகாமல் மரம் மெல்லப் பட்டுப்போகும்.

ஆண்டுகள் போகப்போக மரத்தின் நடுச் சைலம் வேலையை நிறுத்தி, நிறமேறி இறுகிவிடுகிறது. தச்சர் அதை வைரம் பாய்ந்த கட்டை என்பார். பனையிலும் தென்னையிலும் இது தலைகீழ், வெளிப்புறம் இரும்பு, உள்ளே சோறு. நார்க் கற்றைகள் வெளிப்பக்கம் நெருங்கியிருப்பதே காரணம். வெளியே காழ் உள்ளது புல், உள்ளே காழ் உள்ளது மரம் என்று தொல்காப்பியம் பிரிப்பது இந்த அடையாளத்தை வைத்துத்தான். அந்தக் கணக்கில் பனையும் தென்னையும் புல். இன்றைய தாவரவியலும் அவற்றைப் புல்லோடு சேர்த்து ஒருவித்திலையில்தான் வைக்கிறது.

ஐந்தாம் நாள்: கறிக்கடை

விலங்குத் திசுக்கள் நான்கே நான்கு: எபிதீலியம், இணைப்புத் திசு, தசை, நரம்பு. சைவ வீட்டுப் பிள்ளைகள் இந்தப் பகுதியைத் தங்கள் உடம்பை வைத்தே படிக்கலாம், தேவையான இடங்களில் சொல்லியிருக்கிறேன்.

எபிதீலியம் என்பது மேற்பரப்புகளை மூடும் திசு. வாயைக் கொப்பளித்துவிட்டு, கன்னத்தின் உட்புறத்தைப் பல்குச்சியின் மழுங்கிய முனையால் மெல்லச் சுரண்டி, கண்ணாடித் துண்டில் தடவி அயோடின் விட்டால் தட்டையான செல்கள் தெரியும். ஒருவர் குச்சியை மற்றவர் தொடக்கூடாது. வெங்காயச் செல்லோடு ஒப்பிட்டுப் பாருங்கள். செங்கல் வரிசை இல்லை, ஓரங்கள் மடங்கிக் கசங்கியிருக்கும். செல்சுவர் இல்லாததால் வந்த கசங்கல் அது. மண்வெட்டி பிடித்த கையில் காய்ப்பு விழுவதும் எபிதீலியத்தின் வேலைதான். உராயும் இடத்தில் அடுக்குமேல் அடுக்காகச் செல்களை ஏற்றி, மேலடுக்கைக் கெரட்டின் என்ற கடினமான புரதத்தால் நிரப்பிச் சாகவிடுகிறது.

ஆட்டுப் போட்டியைச் சுத்தம் செய்து பார்த்திருக்கிறீர்களா? வெந்நீர் ஊற்றிச் சுரண்டினால் துண்டுத்துணிபோன்ற அந்தக் கறுத்த மேல்தோல் உரிந்து வருகிறது. உரிந்தது எபிதீலியம். கீழே வெள்ளையாக நிற்பது இணைப்புத் திசுவும் மென்தசையும். ஒரே உறுப்பில் மூன்று திசுக்கள் அம்மாவின் கையால் பிரிந்து கிடக்கின்றன.

ஈரோட்டுத் தோல் தொழிலிலும் இதே பாடம் இருக்கிறது. தோலைச் சுண்ணாம்பில் ஊறவைப்பது முடியையும் மேலடுக்கு எபிதீலியத்தையும் கழற்றத்தான். மிஞ்சும் உள்தோல் கொலாஜன் என்ற இழைப் புரதம் நிறைந்த இணைப்புத் திசு. பழைய முறையில் ஆவாரம்பட்டைத் தண்ணீரில் போடும்போது பட்டையின் டானின் அந்தக் கொலாஜனோடு பிணைந்து, அழுகாத தோலாக்குகிறது. செருப்பாகக் காலில் போடுவது தோலின் உள்ளடுக்கை.

இணைப்புத் திசுவுக்கு ஆட்டுக்கால் ஒன்று போதும். எலும்பின் முனையில் பளபளக்கும் நீலவெள்ளைத் தொப்பி குருத்தெலும்பு. உங்கள் காது மடலை மடக்கிப் பாருங்கள், அதே இனம். எலும்பையும் எலும்பையும் கட்டியிருப்பது பிணைநார். தசையை எலும்போடு கட்டுவது தசைநாண். சூப் ஆறியதும் கட்டியாக உறைகிறதே, அது வெப்பத்தில் கொலாஜன் ஜெலட்டினாக மாறியதன் அடையாளம்.

எலும்புக்கு இரண்டு சோதனைகள். சதை நீக்கிய ஒரு கோழிக்கால் எலும்பை வினிகரில் போட்டு, இரண்டு நாளுக்கு ஒருமுறை வினிகரை மாற்றுங்கள். ஒரு வாரத்தில் எலும்பு ரப்பர்போல் வளையும். சுண்ணாம்புச் சத்து கரைந்துபோய் கொலாஜன் மட்டும் நிற்கிறது. இன்னோர் எலும்பை விறகடுப்பு நெருப்பில் நன்றாகச் சுடுங்கள். வடிவம் மாறாமல் வெளுத்து, விரலில் அழுத்தினால் நொறுங்கும். கொலாஜன் எரிந்துபோய்ச் சுண்ணாம்பு மட்டும் நிற்கிறது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்த பிள்ளைக்கு எலும்பின் ஆக்கம் பற்றி எந்தக் கேள்வி வந்தாலும் கவலையில்லை.

இரத்தமும் கொழுப்பும் இணைப்புத் திசுவில்தான் சேர்த்தி. செல்களைவிடச் செல்களுக்கு இடையிலுள்ள பொருளே இந்தக் குடும்பத்தில் முக்கியம். எலும்பில் அது கல், இரத்தத்தில் அது நீர்.

தசைக்கு வருவோம். வெந்த தொடைக்கறியை விரலால் பிரித்தால் இழையிழையாக வருகிறது. அது வரித்தசை, நாம் நினைத்தால் அசையும். குடலில் இருப்பது மென்தசை, நம்மைக் கேட்காமல் அசையும். ஆட்டின் இதயத்தை அப்படிப் பிரிக்க முயன்று பாருங்கள், இழை தனியாக வராது. இதயத்தசைச் செல்கள் கிளைவிட்டு ஒன்றோடொன்று பின்னிக்கிடக்கின்றன. பல்லடத்துக் கறிக்கோழியின் நெஞ்சுக்கறி வெள்ளை, கால்கறி சிவப்பு. நாளெல்லாம் நிற்கவும் நடக்கவும் உழைக்கும் தசைக்கு ஆக்சிஜனைத் தேக்கிவைக்கும் மயோகுளோபின் வேண்டும், அதன் நிறம் அது. நாட்டுக்கோழி வேக அதிக நேரம் பிடிப்பதற்குக் காரணம் தசை மட்டுமல்ல. வயதாக ஆக அதைச் சுற்றியுள்ள கொலாஜன் இழைகளின் பிணைப்பு இறுகிக்கொண்டே போகிறது. காங்கயம் காளையின் திமிலை ஒட்டகத் திமிலோடு சேர்த்துக் கொழுப்பு என்று எழுதுவார்கள். காளையின் திமில் தோள்பட்டைத் தசை பெருத்தது, இடையிடையே கொழுப்பு உண்டு.

கடைசியாக உண்மையான நரம்பு. ஒரு முழுக் கோழிக்காலைக் கேட்டு வாங்குங்கள். முதலில் பாதத்துக்கு மேலே வெட்டுவாயில் தெரியும் பளபளப்பான வெள்ளை நாண் ஒன்றைப் பிடித்து இழுங்கள். கோழி விரல் மடங்கும். அது தசைநாண். பிறகு தொடையின் பின்பக்கத் தசைகளைக் கத்தி போடாமல் விரலாலேயே பிரியுங்கள். இரண்டு தசைகளுக்கு நடுவே, எந்த எலும்பிலும் ஒட்டாமல், பளபளப்பில்லாத வெண்மையில் மெல்லிய கயிறு ஒன்று ஓடும். இழுத்தால் விரல் மடங்காது. பக்கத்தில் கருஞ்சிவப்பாக உள்ளீடற்று ஓடுவது இரத்தக்குழாய். எங்கள் ஊர்க் கறிக்கடைக்காரர் இதை முதல்முறை நான் காட்டியபோது, “இத்தனை வருஷம் இரண்டையும் ஒன்று என்றே நினைத்திருந்தேனுங்க” என்றார்.

அந்த வெள்ளைக் கயிறு ஆயிரக்கணக்கான ஆக்ஸான்களின், அதாவது நரம்புச் செல்களின் நீண்ட இழைகளின், கட்டு. செல் உடல், டெண்ட்ரைட்டுகள், ஆக்ஸான் என்று படம் வரையும்போது ஆக்ஸானை ஒரு அங்குலத்தில் முடித்துவிடுகிறோம். வளர்ந்த மனிதரின் கீழ்முதுகில் தண்டுவடத்தில் தொடங்கிக் கால்விரல் வரை போகும் ஆக்ஸானின் நீளம் ஏறத்தாழ 1 மீட்டர். அதுவும், பருத்தி இழையைப்போலவே, ஒரே செல்லின் பகுதி.

தேர்வுக்கு முன் ஒரு மாலை

வேறுபாடு எழுதச் சொன்னால் மூன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள். தாவரத்தில் வளர்ச்சி குறித்த இடங்களில் மட்டும் நடக்கிறது, விலங்கில் உடலெங்கும் நடக்கிறது. தாவரத்தைத் தாங்கும் திசுக்களில் பெரும்பகுதி இறந்தவை, விலங்கில் உயிருள்ளவையே மிகுதி. தாவரம் ஆயுள் முழுவதும் புதிய உறுப்புகளை உண்டாக்குகிறது, விலங்கு அப்படிச் செய்வதில்லை. படத்தில் சைலக் குழாயைப் பெரிய ஓட்டையாகவும் தடித்த சுவரோடும், சல்லடைக் குழாயைத் துணைச் செல்லோடு சேர்த்தும் வரைந்தால் பாதி மதிப்பெண் அங்கேயே வந்துவிடும்.

பிறகு வீட்டில் உள்ளவர்களை விட்டுக் கேள்வி கேட்கச் சொல்லுங்கள். தேங்காய்க் கயிறு திரிக்கும் நார்? ஸ்கிளிரன்கைமா. பனியன் நூல்? புறத்தோல் செல். காது மடல்? குருத்தெலும்பு. வெற்றிலை நரம்பு? வாஸ்குலார் கற்றை.

இளநீர் எந்தத் திசு என்று ஒருமுறை ஒரு பையன் கேட்டான். நல்ல கேள்வி. இளங்காயில் அது இன்னும் திசு ஆகவில்லை. விதைக்குள் உட்கருக்கள் சுவரில்லாமல் அந்த நீரில் மிதந்துகொண்டிருக்கின்றன. நாள் ஆக ஆக ஓரத்திலிருந்து செல்சுவர்கள் எழும்பி, தொட்டியின் உட்புறம் மெல்லிய படலமாகப் படிகிறது. கரண்டியால் வழித்துத் தின்னும் அந்த வழுக்கையிலிருந்துதான் அதைத் திசு என்று சொல்லமுடியும்.